சேவ் என்றால் சேமிப்பதா, காப்பாற்றுவதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் ஆங்கில வினைச்சொல் ஒன்று உண்டு. வாங்கித் தந்த மகனோ, கடையில் இருந்து வந்து வயர்களை மாட்டிக் கொடுத்த பையனோ, கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார்கள்: "என்ன செஞ்சாலும் அப்பப்ப சேவ் பண்ணிக்குங்க."

நல்ல அறிவுரைதான். ஆனால் அதைச் சொன்னபடி கேட்டதாலேயே எங்கள் பெரியப்பா மூன்று மாத உழைப்பை இழந்தார். சேவ் செய்ய மறந்து பைலை இழந்தவர்களைப் பற்றி நீங்கள் நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவர் சேவ் செய்து இழந்தவர்.

பெரியப்பா மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்க் கண்மாயைப் பற்றி எழுத வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. எந்த மடைக்கு என்ன பெயர், எந்த மடைத் தண்ணீர் யார் வயல் வரை பாயும், கலுங்கு எந்த மழைக்கு உடைந்தது, மறுகால் தண்ணீர் அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகும் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மடை திறந்து தண்ணீர் பாய்ச்சும் வேலையை வாழ்நாள் முழுக்கப் பார்த்த ஒரு முதியவருக்குத்தான் அது தெரியும். பெரியப்பா மாலையில் அவரிடம் போய் உட்கார்ந்து கேட்பார். துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு வந்து இரவில் வேர்டில் டைப் செய்வார். டைப் செய்து முடித்ததும் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவார். அதுதான் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே!

முதல் அத்தியாயம் 14 பக்கம் வந்தது. அந்த மார்கழியில் முதியவர் இறந்துபோனார்.

அடுத்து இரண்டாம் அத்தியாயம். எழுத்தின் அளவு, ஓரங்களின் இடைவெளி, தலைப்பு எல்லாம் முதல் அத்தியாயத்தில் சரியாக அமைந்திருந்ததால் பெரியப்பா அந்தப் பைலையே திறந்தார். கண்ட்ரோல் + ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டு, காலியான பக்கத்தில் புதிய அத்தியாயத்தை எழுதத் தொடங்கினார். சொல்லிக் கொடுத்தபடி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கண்ட்ரோல் + எஸ். நான்கு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் முதல் அத்தியாயத்தில் ஒரு மடையின் பெயரைச் சரிபார்க்கத் தேடினார்.

எனக்குப் போன் வந்தது. "தம்பி, முதல் அத்தியாயத்தைக் காணோம்ப்பா. ஆனா நான் தினமும் சேவ் பண்ணித்தான் வச்சேன்."

"ஒண்ணும் தொடாதீங்க பெரியப்பா, சனிக்கிழமை வர்றேன்" என்றேன். என்ன நடந்திருக்கும் என்பது போனிலேயே புரிந்துவிட்டது. அதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. காரணம், தடுமாற்றம் கம்ப்யூட்டரில் இல்லை. அந்த ஒரு ஆங்கிலச் சொல்லில் இருந்தது.

ஒரு சொல், பல வேலைகள்

சேவ் என்ற சொல் லத்தீன் மொழியில் இருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. லத்தீனில் 'சால்வுஸ்' என்றால் நலமாக, ஆபத்தில்லாமல் இருப்பது. ஆகவே சேவ் என்பதன் முதல் பொருள் காப்பாற்றுவது. கிணற்றில் விழுந்த குழந்தையைத் தூக்கினால் ஆங்கிலத்தில் 'சேவ்டு தி சைல்டு' என்பார்கள். கால்பந்தில் கோல்கீப்பர் பந்தைத் தடுத்தால் அதுவும் ஒரு சேவ். ஆற்றைக் காப்போம், மரத்தைக் காப்போம் என்ற போர்டுகளில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதும் இதே சொல்தான்.

இரண்டாவது பொருள் சேர்த்து வைப்பது. பேங்கில் நாம் சாதாரணமாக எஸ்.பி. அக்கவுண்ட் என்று சொல்வதில் உள்ள எஸ் இதுதான்: சேவிங்ஸ் பேங்க், சேமிப்புக் கணக்கு.

மூன்றாவது மிச்சப்படுத்துவது. ரிங் ரோடு வழியாகப் போனால் அரை மணி நேரம் மிச்சம் என்பதற்கு 'சேவ்ஸ் டைம்'. உங்கள் லேப்டாப்பிலும் செல்போனிலும் 'பேட்டரி சேவர்' என்று இருப்பது இந்த வகை. அதை ஆன் செய்தால் பேட்டரி எங்கேயும் சேர்ந்துவிடாது. செலவு குறையும், அவ்வளவுதான்.

நான்காவது ஒருவருக்காக ஒதுக்கி வைப்பது. மாட்டுத்தாவணியில் பஸ் நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோமே, அதற்கு ஆங்கிலத்தில் 'சேவ் எ சீட்'. கல்யாணப் பத்திரிகைக்கு முன்னால் இப்போது வாட்ஸ்அப்பில் வருகிற 'சேவ் தி டேட்' படமும் அந்த நாளுக்குத் துண்டு போடுவதுதான்.

ஐந்தாவதாக ஒன்று, வினைச்சொல்லாகவே தோன்றாதது. 'ஆல் சேவ் ஒன்' என்றால் ஒன்றைத் தவிர எல்லாம். பேச்சில் இது அபூர்வம். பழைய ஆங்கில எழுத்திலும் சட்டங்களிலும் வரும். நம் நாட்டுச் சட்டங்கள் பலவற்றின் கடைசியில் 'ரிப்பீல் அண்ட் சேவிங்ஸ்' என்று ஒரு பிரிவு இருக்கும். பழைய சட்டத்தை நீக்கினாலும் அதன் கீழ் ஏற்கெனவே நடந்தவை செல்லுபடியாகும் என்பது அதன் கருத்து. இதைச் 'சேமிப்பு' என்று மொழிபெயர்த்தவர்கள் இருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஸ்கிரீன் சேவர் எந்த வகை? முதல் வகை. பழைய டப்பா மானிட்டர்களில் ஒரே படம் மணிக்கணக்கில் நின்றால் உள்ளே பூசியிருக்கும் பாஸ்பரில் அதன் தழும்பு நிரந்தரமாகப் பதிந்துவிடும். அதிலிருந்து திரையைக் காப்பாற்றத்தான் மீன்களை நீந்தவிட்டார்கள். இன்றைய எல்.சி.டி. மானிட்டர்களுக்கு அந்தக் கவலை அனேகமாக இல்லை. மீன்கள் அழகுக்கு.

கம்ப்யூட்டர் சேவ் இவற்றில் எது?

தமிழில் கம்ப்யூட்டர் மெனுக்களை மொழிபெயர்த்தவர்கள் 'சேமி' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். 'சேமி' என்பதன் வேரும் 'சேமம்'தான். அந்தக் காலத்துக் கடிதங்களில் 'இங்கு யாவரும் க்ஷேமம்' என்று எழுதுவார்களே, அதே சேமம். நலமாக, ஆபத்தில்லாமல் இருப்பது. லத்தீன் சொல்லும் நம் சொல்லும் ஒரே இடத்தில் புறப்பட்டு ஒரே இடத்துக்கு, அதாவது உண்டியலுக்கு, வந்து சேர்ந்திருக்கின்றன.

சிக்கலும் அங்கேதான். 'சேமி' என்றதும் நம் மனதில் வருவது உண்டியலும் தபால் ஆபீஸ் பாஸ்புக்கும். போன மாதம் 500 ரூபாய் போட்டோம், இந்த மாதம் 500 போடுகிறோம், இப்போது 1,000 ரூபாய் இருக்கிறது. இரண்டாவது 500ஐப் போட்டதால் முதல் 500 காணாமல் போகாது. பெரியப்பாவும் இப்படித்தான் நினைத்தார். முதல் அத்தியாயத்தைச் சேமித்தேன், பிறகு இரண்டாவதைச் சேமித்தேன், ஆகவே உள்ளே இரண்டும் இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரின் சேவ் அப்படி வேலை செய்வதில்லை. பேங்கில் போட்டது சேரும். கம்ப்யூட்டரில் போட்டது மாறும். சேவ் அழுத்தினால் கம்ப்யூட்டர் புரிந்துகொள்வது இதுதான்: 'இந்தப் பெயரில் முன்பு இருந்ததை எடுத்துவிடு. இந்த நிமிடம் திரையில் இருப்பதை அந்த இடத்தில் வை.' முன்பு இருந்தது நல்லதா, வேண்டியதா, 14 பக்கமா என்றெல்லாம் அது கேட்காது.

இதில் கவனிக்க வேண்டிய கொடுமை ஒன்று. டெலிட் செய்த பைலாவது பொதுவாக ரீசைக்கிள் பின்னில் கிடக்கும், எடுத்துக்கொள்ளலாம். சேவ் செய்து அழித்த விஷயம் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. ஏனென்றால் கம்ப்யூட்டர் கணக்கில் எந்தப் பைலும் அழிக்கப்படவில்லை. பைல் அதே பெயரில் அதே இடத்தில் பத்திரமாக இருக்கிறது. உள்ளே இருப்பதுதான் வேறு.

சரி, சேவ் செய்யாமலே இருந்துவிடலாமா? கூடாது. நீங்கள் டைப் செய்வது முதலில் ராம் என்ற நினைவகத்தில்தான் இருக்கிறது. மின்சாரம் உள்ளவரைதான் அதற்கு உயிர். சிலேட்டில் எழுதியது போல. 2008 முதல் சில வருஷங்கள் தமிழ்நாட்டில் தினமும் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தது. அப்போது கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சேவ் என்பது சிலேட்டில் உள்ளதை ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. என்ற நோட்டில் எழுதுவது. கரண்ட் போனாலும் நோட்டு இருக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் நோட்டின் அதே பக்கத்தை அழித்துவிட்டுத்தான் எழுதும்.

சேவ் பட்டனில் இருக்கும் சதுரப் படம் என்னவென்று ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள். அது பிளாப்பி டிஸ்க். 1.44 எம்.பி. கொள்ளும் பிளாஸ்டிக் சதுரம். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அதில் அடங்காது. சோனி நிறுவனம் ஜப்பானில் அதன் விற்பனையை 2011 மார்ச்சோடு நிறுத்திக்கொண்டது. பொருள் போய்விட்டது, படம் மட்டும் பட்டனில் நிற்கிறது.

'ஆஸ்' என்ற சின்னச் சொல்

பைல் மெனுவில் சேவ் என்பதற்குக் கீழேயே 'சேவ் ஆஸ்' இருக்கும். பெரியப்பா செய்ய வேண்டியிருந்தது இதைத்தான். இதை அழுத்தினால் புதிய பெயர் கேட்கும். பெயர் கொடுத்தால் அந்தப் பெயரில் இன்னொரு பைல் உருவாகும். பழையது அப்படியே இருக்கும். வேர்டில் எப்12 கீயை அழுத்தினாலே போதும், அந்த டயலாக் பாக்ஸ் வந்துவிடும்.

முக்கியம், எப்போது செய்கிறீர்கள் என்பது. பழைய பைலைத் திறந்தவுடன், ஒரு எழுத்தைக்கூடத் தொடும் முன், எப்12. பிறகுதான் அழிப்பதும் எழுதுவதும். 'எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் சேவ் ஆஸ் கொடுத்துக்கொள்ளலாம்' என்று நினைத்தால், நடுவில் பழக்கத்தில் விரல் தானாகக் கண்ட்ரோல் + எஸ் அழுத்திவிடும். என் விரலே அழுத்தியிருக்கிறது.

சேவ் ஆஸ் கொடுத்தபின் திரையில் இருப்பது புதிய பைல், பழையது மூடப்பட்டுவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். ஜன்னலின் தலையில் உள்ள பெயரைப் பார்த்தால் தெரியும். லிப்ரே ஆபீஸில் 'சேவ் எ காப்பி' என்று தனியாக ஒன்று உண்டு. அதில் நகல் ஒன்று ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், நீங்கள் பழைய பைலிலேயே தொடர்வீர்கள். இரண்டும் ஒன்று என்று நினைத்து எந்தப் பைலில் திருத்தினோம் என்று தெரியாமல் விழிப்பவர்கள் அதிகம்.

வருஷா வருஷம் ஒரே மாதிரி கேள்வித்தாள், ஒரே மாதிரி சங்கக் கணக்கு, ஒரே மாதிரி விண்ணப்பம் தயாரிப்பவர்களுக்கு இன்னொரு வழி. அந்த மூலப் பைல் மீது மவுஸின் வலது பட்டனை அழுத்தி, பிராப்பர்ட்டீஸ் சென்று, 'ரீட் ஒன்லி' என்ற கட்டத்தில் டிக் செய்துவிடுங்கள். அதன்பின் வேர்டில் சேவ் அழுத்தினாலும் அதன் மேல் எழுத முடியாது. வேறு பெயர் கொடுக்கச் சொல்லும். பூட்டு இல்லை, தாழ்ப்பாள் மாதிரி. நம் கையிடமிருந்து காப்பாற்ற அது போதும்.

வேர்டில் இன்னொரு வசதி பல வருஷமாக இருக்கிறது, ஏனோ யாரும் சொல்வதில்லை. பைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய்க் கீழே உருட்டினால் 'சேவ்' என்ற பகுதியில் 'ஆல்வேஸ் கிரியேட் பேக்கப் காப்பி' என்று இருக்கும். அதில் டிக் செய்தால், இதற்கு முந்தைய சேவில் இருந்த நிலை 'பேக்கப் ஆப்' என்ற பெயரில் அதே போல்டரில் தனியாக நிற்கும். ஒரு படி பின்னால் மட்டும்தான் போக முடியும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு சேவ் போடும் பெரியப்பாவை இது காப்பாற்றியிருக்காது. ஆனால் ஒரு தடவை கை தவறியவரைக் காப்பாற்றும்.

தவறுதலாக எல்லாவற்றையும் அழித்து சேவும் கொடுத்துவிட்டீர்கள், உடனே தெரிந்துவிட்டது என்றால்? பைலை மூடாதீர்கள். வேர்டில் சேவ் செய்த பிறகும், பைல் திறந்திருக்கும்வரை கண்ட்ரோல் + இசட் வேலை செய்யும். அழுத்திக்கொண்டே பின்னால் போகலாம். மூடிவிட்டால் அந்த வழி அடைந்துவிடும்.

மூடும்போது வரும் கேள்வி

பைலை மூடப் போனால் 'டு யூ வாண்ட் டு சேவ்' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். பழைய வேர்டில் எஸ், நோ, கேன்சல் என்று மூன்று பட்டன்கள். புதியதில் சேவ், டோண்ட் சேவ், கேன்சல். பலர் இதைப் பார்த்ததும் பயந்து எஸ் கொடுத்துவிடுகிறார்கள். சேவ் நல்ல சொல் அல்லவா, நல்லதைத்தானே செய்யும் என்ற நம்பிக்கை!

கேள்வியை முழுதாகப் படியுங்கள். அது கேட்பது 'இந்தப் பைலைக் காப்பாற்றவா' என்று இல்லை. 'கடைசி சேவுக்குப் பின் நீங்கள் செய்த மாற்றங்களை அதன் மேல் எழுதவா' என்று. நீங்கள் பைலைச் சும்மா படித்துப் பார்க்கத் திறந்திருந்தால், கை பட்டு எதுவோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது பைலைக் காப்பாற்றுவது 'டோண்ட் சேவ்' பட்டன்தான். ஒன்றுமே புரியவில்லை என்றால் கேன்சல் கொடுங்கள். மூடாமல் பழைய இடத்துக்கே திரும்பலாம்.

வேலை செய்துவிட்டு அவசரத்தில் 'டோண்ட் சேவ்' கொடுத்துவிட்டவர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. வேர்டு, ஆட்டோ ரெகவர் என்ற பெயரில் வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தனக்கென ஒரு நகல் எடுத்து வைக்கும். பைல் மெனுவில் இன்போ, மேனேஜ் டாகுமெண்ட், ரெகவர் அன்சேவ்டு டாகுமெண்ட்ஸ் என்று போய்ப் பாருங்கள். கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் முறையாக சேவ் செய்து மூடிவிட்ட பைலுக்கு இந்த நகலை வேர்டு வைத்துக்கொள்ளாது. வேலை முடிந்தது என்று நினைத்து அழித்துவிடும்.

இப்போதைய மைக்ரோசாப்ட் 365ல் பைலை ஒன்டிரைவில் வைத்தால் ஆட்டோசேவ் தானே இயங்கும். கூகுள் டாக்ஸில் சேவ் பட்டனே கிடையாது. நாம் அழுத்தாமலே விநாடிக்கு விநாடி எழுதிக்கொண்டே போகும். பெரியப்பா செய்த தவற்றை இதில் செய்வது இன்னும் சுலபம். பழைய அத்தியாயத்தை அழித்தவுடனே அந்த அழிப்பும் சேவ் ஆகிவிடும். ஆனால் இவற்றில் 'வெர்ஷன் ஹிஸ்டரி' என்று ஒன்று இருக்கிறது. நேற்றைய நிலை, முந்தாநாளைய நிலை என்று பழையவற்றை வரிசையாக வைத்திருக்கும். திரும்ப எடுக்கலாம். உண்டியல் போன்ற சேமிப்பு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். நெட் இணைப்பும் கணக்கின் பாஸ்வேர்டும் கையில் இருக்க வேண்டும், அது ஒரு கவலை.

எங்கே சேவ் ஆனது?

சேவ் செய்த பைலைக் காணோம் என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்குப் பைல் தொலையவில்லை, இடம்தான் தெரியவில்லை. பென் டிரைவில் இருந்து திறந்த பைல் பென் டிரைவிலேயே சேவ் ஆகும். கம்ப்யூட்டரில் தேடினால் கிடைக்காது. மெயிலில் வந்ததை அங்கிருந்தே திறந்து திருத்தினால் அது ஏதோ தற்காலிக போல்டரில் போய் ஒளிந்துகொள்ளும். முதலில் டவுன்லோட் செய்து, டாகுமெண்ட்ஸ் போல்டரில் வைத்து, பிறகு திறங்கள்.

செல்போனில் 'நம்பரை சேவ் பண்ணிக்கோ' என்கிறோம். எங்கே? சிம்மிலா, போனிலா, கூகுள் கணக்கிலா? போனில் மட்டும் வைத்தால் போன் தொலையும்போது நம்பரும் போகும். கூகுள் கணக்கில் இருந்தால் புதிய போனிலும் வரும். நம்பரைப் பதியும்போது மேலே இடம் கேட்கும். பார்க்காமல் ஓகே கொடுக்கிறோம்.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும்

சேவ் ஆனது, இடமும் தெரியும், திறந்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள். இது நோட்பேடில் தமிழ் எழுதியவர்கள் பலர் பட்டது. பழைய விண்டோஸில் நோட்பேட் வழக்கமாக 'ஆன்சி' என்ற முறையில் சேவ் செய்யும். அதில் 256 இடங்கள்தான், தமிழுக்கு அதில் இடமில்லை. அப்படி சேவ் செய்யப் போனால், யூனிகோட் எழுத்துகள் இழக்கப்படும், தொடரவா என்று ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை வரும். ஓகே கொடுத்தால் தீர்ந்தது. 'கண்மாய்' என்ற சொல் ஏழு கேள்விக்குறியாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறிகள் என்பதால் ஏழு. திரும்ப வராது.

இதற்கு வழி, சேவ் ஆஸ் டயலாக் பாக்ஸின் அடியில் 'என்கோடிங்' என்ற இடத்தில் 'யூடிஎப்-8' என்று தேர்ந்தெடுப்பது. 2019ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் இருந்து நோட்பேட் தானாகவே யூடிஎப்-8ல் சேவ் செய்கிறது. வீட்டில் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த விஷயத்தில் நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒரு முயற்சியைச் சொல்லாமல் விட முடியாது. மதுரைத் திட்டம். 1998 பொங்கல் நாளில் தொடங்கியது. தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் டைப் செய்து, பிழை பார்த்து, இணையத்தில் இலவசமாக வைக்கும் திட்டம். சங்கம் வைத்த ஊர் என்பதால் இந்தப் பெயரே தவிர, மாசி வீதியில் அதற்கு ஆபீஸ் எதுவும் இல்லை. சுவிட்சர்லாந்தில் இருந்த வேதியியல் அறிஞர் கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்நின்று நடத்த, டைப் செய்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். தொடக்க காலத்தில் நூல்கள் 'திஸ்கி' என்ற குறியாக்கத்தில் இருந்தன. அதற்கான எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஒன்றும் புரியாது. அப்படியே விட்டிருந்தால் அத்தனை உழைப்பும் 'சேவ் ஆகி'யும் இன்று படிக்க முடியாமல் கிடந்திருக்கும். பின்னால் யூனிகோடுக்கு மாற்றினார்கள். அதனால்தான் இன்று உங்கள் செல்போனில்கூட அவை திறக்கின்றன.

அதற்கு நூறு வருஷம் முந்தைய நிலைமையும் இதுதான். பனையோலை சில நூறு வருஷம் தாங்கும், பிறகு செல்லும் பூச்சியும் தின்றுவிடும். அதற்குள் யாராவது புதிய ஓலையில் பெயர்த்து எழுத வேண்டும். எழுதப்பட்ட நூல்களே நமக்குக் கிடைத்தன. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகப் போய் ஏடுகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1887ல் சீவக சிந்தாமணியையும் 1892ல் சிலப்பதிகாரத்தையும் அச்சிட்டார். 1901ல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கியபோது ஏடுகளையும் நூல்களையும் திரட்டுவது அதன் வேலைகளில் ஒன்றாக இருந்தது. ஒரு வீட்டுப் பரணில் ஏடு இல்லாவிட்டால் இன்னொரு வீட்டுப் பரணில் இருந்தது. அந்த இரண்டாவது பரண்தான் நூலைக் காப்பாற்றியது.

பெரியப்பாவின் இரண்டாவது பரண்

சனிக்கிழமை மேலூர் பஸ்ஸில் போய் இறங்கினேன். கம்ப்யூட்டரில் தேட வேண்டிய இடமெல்லாம் தேடினேன். பேக்கப் காப்பி போடவில்லை. விண்டோஸின் பைல் ஹிஸ்டரி ஆன் செய்யப்படவில்லை. ஒன்டிரைவ் கணக்கும் இல்லை. இது பெரியப்பாவின் தவறு இல்லை. கம்ப்யூட்டரை வாங்கி மாட்டிக் கொடுத்தவன் நான்தான். வாசலில் நின்று 'அப்பப்ப சேவ் பண்ணிக்குங்க' என்று சொல்லிவிட்டு வந்தவனும் நான்தான்.

கிளம்பும் நேரத்தில் பெரியம்மா கேட்டார்கள்: "தீபாவளிக்கு முன்னால பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்துட்டு வந்தீங்களே, அது என்னாச்சு?"

அந்தப் பிரிண்டை முதியவரிடம் படித்துக் காட்டிவிட்டு அங்கேயே கொடுத்துவிட்டு வந்திருந்தார். முதியவரின் வீட்டில் விசாரித்தோம், கிடைக்கவில்லை. ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். பென் டிரைவில் கொண்டு வரும் பைல்களை டெஸ்க்டாப்பில் காப்பி செய்துவிட்டுப் பிரிண்ட் எடுப்பதும், பிறகு அழிக்காமல் விட்டுவிடுவதும் நம் ஊர்க் கடைகளில் வழக்கம். ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் அப்படிக் கிடக்கும். ஆபத்தான பழக்கம், உங்கள் பைலை நின்று அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றுதான் மற்ற நாட்களில் எழுதுவேன். அன்று அந்தக் கடைக்காரரின் டெஸ்க்டாப்பில் நூற்றுக்கணக்கான ஐகான்களுக்கு நடுவில் 'கண்மாய்' இருந்தது.

11 பக்கம். தீபாவளிக்குப் பிறகு எழுதிய மூன்று பக்கம் அதில் இல்லை. பெரியப்பா நினைவில் இருந்து திரும்ப எழுதினார். கலுங்கு உடைந்த கதை முழுக்க வந்துவிட்டது. ஐந்தாவது மடையின் பெயர் மட்டும் வரவில்லை. அந்த இடத்தில் புள்ளிகள் வைத்திருக்கிறார். ஊரில் வயதானவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பைல்கள் இப்போது 'கண்மாய் அத்தியாயம் 1', 'கண்மாய் அத்தியாயம் 2' என்று தனித்தனியாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு நகல் பென் டிரைவுக்கும், ஒரு நகல் மெயிலில் எனக்கும் வருகிறது. போன வாரம் வந்த மெயிலில் பைலோடு ஒரு கேள்வியும் இருந்தது: பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பதன் மேல் காப்பி செய்தால் 'ரீப்ளேஸ்' என்று கேட்கிறதே, கொடுக்கலாமா? போன வாரத்து நகலுக்குத் தேதி போட்டுத் தனி போல்டரில் வைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள் என்று பதில் எழுதியிருக்கிறேன்.